சீராகப் போன நங்கூரம் சாக்கில் திரும்பிய விவரம்

கச்சிராயபாளையம்,
மாசி எட்டு, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி வீரமுத்து அவர்கள் சமூகத்துக்கு, பட்டறை ராஜாங்கம் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் வீட்டம்மாவும், எங்கள் மாப்பிள்ளை அஜித்குமாரும், எங்கள் மகள் தனுஷாவும், தங்கள் ஃபைபர் படகும் அதன் இன்ஜினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஊர் எல்லைச்சாமியை வேண்டுகிறேன். இங்கே நானும் தங்கமணியும் சுகம். சுகம் என்று எழுதியே ஆகவேண்டும் என்பதால் எழுதினேன். நேற்றுக் காலை ஏழே முக்கால் மணியிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தரும் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

போனில் கேட்டால் என்ன என்பீர்கள். போனில் கேட்டால் நான் கத்திவிடுவேன். நீங்கள் 'ஆங், ஆங்' என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் 'சாப்ட்டீங்களா' என்பீர்கள். அப்புறம் எனக்கு என்ன வழி இருக்கிறது? சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். போன வாரம்கூட அப்படித்தான் பேசி வைத்தோம். அதனால்தான் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் முதல் தடவையாக முழு வெள்ளைத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை கண்ணாயிரம் டீக்கடையில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம், கள்ளக்குறிச்சி டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பின்படியிலிருந்து ஒரு சாக்கை இழுக்கிறார், வரவில்லை. இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சாக்கு கிழிந்து, உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஐந்து கொக்கி வெளியே எட்டிப் பார்த்தது. என் கையால் அடித்த கொக்கி எனக்குத் தெரியாதா? தங்கமணி வைத்த மஞ்சளும் குங்குமமும்கூட அதில் இன்னும் அழியவில்லை. அந்தக் கண்டக்டர் அதோடு விட்டாரா? ஊருக்கே கேட்கும்படி, "பட்டறைக்காரரே! கடலூர்லேர்ந்து உங்க சாமான் ரிட்டன் வந்துக்குது, வந்து எறக்கிக்கோங்க!" என்று கத்தினார். ரிட்டன்! என் கையிலிருந்த கிளாஸ் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணாயிரம் சொல்லித்தான் தெரியும்.

"இன்னா மாமா, தனுஷா பொண்ணு வூட்டுக்குப் பொங்கலுக்குக் குடுத்த சீருதானே இது?" என்றான் கண்ணாயிரம். "ரிப்பேருக்கு வந்திருக்குப்பா" என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான பொய்யை நான் சொன்னதில்லை. "குடுத்து ஒரு மாசம்தானே ஆவுது? அதுவும் மொத்த இரும்பு. அதுல இன்னா மாமா ரிப்பேரு?" என்றான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சாக்கை நான் பட்டறைக்கு இழுத்து வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த தங்கமணிக்கு அங்கேயே யாரோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு ஆறுதல் என்று தெரியாமலே அவளும் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். பத்து மணிக்கு என் ஒன்றுவிட்ட அக்கா சின்னப்பொண்ணு வந்தாள். வந்ததும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சீரு வந்துடுச்சி. பொண்ணு எப்ப வர்றா?" சம்பந்தி, அதற்கு அப்புறம் தனுஷாவுக்குப் போன் போட்டுக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் கடற்கரைப் பக்கத்து வழக்கம் எப்படியோ, எங்கள் பக்கத்தில் சீர் பிடிக்கவில்லை என்றால் பரணில் போடுவார்கள். பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்பார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அதையே பளபளவென்று துடைத்துப் பரிசாகக் கொண்டுபோய் வைப்பார்கள். என்ன செய்தாலும் கொடுத்தவன் கேட்க மாட்டான். ஆனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். திருப்பி அனுப்பினால் பின்னாலேயே பெண்ணும் பெட்டியோடு வருகிறது என்று அர்த்தம். அதுவும் எப்படிப்பட்ட திருப்புதல்! நீங்கள் கேட்டது ரெண்டு நங்கூரம். நான் கொடுத்தது மூன்று. திரும்பி வந்தது ரெண்டு. மூன்றாவது எங்கே? பிடிக்காத சீரில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நான் என்ன குறை வைத்தேன், நீங்களே சொல்லுங்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம் நடந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நான்தான் கேட்டேன், தலைப்பொங்கலுக்கு என்ன சீர் செய்யட்டும் என்று. பைக் வாங்கித் தருகிறேன் என்றேன், பீரோ என்றேன். நீங்கள் கையை ஆட்டி, "அதெல்லாம் ஒண்ணும் வாணாங்க. கடலுக்குள்ள பாறைத் திட்டுல போடற நங்கூரம் ரெண்டு இருந்தா போதும். சாதா கட்டடக் கம்பியில நாலு கொக்கி வளச்சி, ஒரு துண்டு பைப்புல வச்சி வெல்டிங் பத்த வச்சீங்கன்னா போதும். மெல்லிசாவே இருக்கட்டும். கயிறு எங்க கிட்டயே கீது" என்றீர்கள். எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு! பெண்ணைக் கொடுக்கிறவன் கஷ்டப்படக் கூடாது என்று, குப்பையில் கிடக்கிற கம்பியைச் சீராகக் கேட்கிற சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்?

கேட்கிறவர் 'சாதாவாப் போதும்' என்பது மரியாதை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கொடுப்பவன் மேலே மேலே செய்வதும் மரியாதை. எங்கள் பக்கத்தில் 'ஒண்ணும் வாணாம்' என்று சொன்னவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருந்து பாருங்கள், அப்புறம் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. அதிலும் நம் பிள்ளைகள் பாலிடெக்னிக்கில் தாங்களாகவே பார்த்து முடிவு செய்துகொண்டவர்கள். சாதி வேறு, ஊர் வேறு, நீங்கள் கடல், நாங்கள் மலையடிவாரம். நாளைக்கு ஒரு சொல் கூடக்குறைய வந்துவிடக் கூடாதே என்று கல்யாணத்தன்றே நான் பாயில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தவன். நீங்களும் நின்றுகொண்டிருந்தீர்கள். ரெண்டு பேருக்கும் ராத்திரி கால் வீங்கியது.

அதனால் நான் கட்டடக் கம்பியைத் தொடவே இல்லை. உடைத்துப் போட்ட லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தேன். பத்து டன் கரும்பு ஏற்றின லாரியைத் தாங்கின இரும்பு! அதைப் பிளந்து, பழுக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து எடுத்து, வெள்ளி பெயிண்ட் அடித்தேன். நாலு கொக்கி என்றீர்கள். சீரில் இரட்டைப்படை ஆகாது என்று ஐந்து வைத்தேன். நங்கூரம் ரெண்டு என்றீர்கள். அதே காரணத்துக்காக மூன்று அடித்தேன். உங்கள் வீட்டுக் கயிறு எப்படி இருக்குமோ என்று, போர்வெல் போடுகிற வண்டியிலிருந்து இரும்பு வடம் வாங்கி, இரண்டு கையையும் விரித்து அளந்து, ஒவ்வொன்றுக்கும் நாற்பது பாகம் கோத்துவிட்டேன். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி தண்டில் வெல்டிங் ராடாலேயே 'ரா. தங்கமணி ராஜாங்கம் அன்பளிப்பு' என்று எழுதினேன். 'ளி' மட்டும் கொஞ்சம் உருகிவிட்டது. கடல் நங்கூரத்தை நான் கண்ணால் பார்த்ததில்லைதான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டிதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ரெண்டுக்கும் வேலை ஒன்றுதானே, பிடித்ததை விடக் கூடாது. அப்படித்தான் நினைத்தேன்.

சோதித்துப் பார்க்காமலா கொடுத்தேன்? எங்களிடம் கடல் இல்லையே தவிர, பாறைக்கு என்ன குறைச்சல்? கல்வராயன் மலையே இருக்கிறது. வெள்ளிமலையில் ஒரு வீட்டுக்குக் கேட் மாட்டப் போகும்போது ஒரு நங்கூரத்தையும் பொன்னுரங்கத்தின் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாறை இடுக்கில் கொக்கியை மாட்டி, வடத்தின் மறுமுனையை ஜீப்பின் பின் பம்பரில் கட்டி, "இழுப்பா!" என்றேன். பொன்னுரங்கம் மிதித்தான். டயர் புகைந்தது. சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் குதித்து இறங்கிவிட்டார்கள். டமாலென்று ஒரு சத்தம். பம்பர் தனியாகக் கழன்று பாதையில் கிடந்தது, ஜீப் பத்தடி தள்ளி நின்றது, நங்கூரம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் கை தட்டினேன்.

பொன்னுரங்கம் இறங்கி வந்து பம்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எம் பம்பரு போச்சி, அத்த வுடு மாமா. இத்த இப்ப எப்பிடிக் கயட்றது?" என்றான். "கழட்டறது என் வேலை இல்லப்பா, மாட்டறதுதான் என் வேலை" என்றேன் பெருமையாக. மலைக்காரர்கள் ரெண்டு பேர் கடப்பாறை போட்டுப் பாறையின் உதட்டைப் பெயர்த்து எடுக்க மத்தியானத்திலிருந்து கடைசி பஸ் வரைக்கும் ஆனது. பாறை உடைந்தது சம்பந்தி, கொக்கி இம்மிகூட அசையவில்லை. இதை நான் ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கலுக்கு நாங்கள் வரிசை வைத்து வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினோரு தட்டு, ரெண்டு கட்டுக் கரும்பு, முன்னால் மேளம், நடுவில் ஒரு நங்கூரத்துக்கு ரெண்டு ஆள் வீதம் ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். வாழையிலை விரித்துக் கிடத்தினோம். நீங்கள் வாயைத் திறந்தபடி நின்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன். கொக்கியை ஒரு காலால் மிதித்துப் பார்த்தீர்கள், அப்புறம் ரெண்டு காலையும் வைத்து ஏறி நின்றீர்கள். "யானை மிதிச்சாலும் வளையாதுங்க!" என்று நான் சிரித்தேன். "ஆங்... ரொம்ப... பலமா கீதுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தீர்கள். மாப்பிள்ளை "மாமா, இது வந்து, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார், நீங்கள் அவர் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். நான் பார்த்தேன். ரொம்பப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று தடுக்கிறீர்கள் என நினைத்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிச் செய்த சீரைத்தான் அழுக்குச் சாக்கில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் முப்பத்தோரு வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். நான் அடித்த கேட் இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டில் நிற்கிறது. ஒன்று வளைந்தது என்று ஒருத்தன் வந்து நின்றதில்லை. எனக்கு மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். என் இரும்பில் என்ன குறை? என் பெண்ணிடம் என்ன குறை? மூன்றாவது நங்கூரம் எங்கே? பதில் வரும்வரை நான் டீக்கடைப் பக்கம் தலை காட்டப் போவதில்லை. அனுப்பியதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இது ரெடிமேட் சட்டை இல்லை என்பதையும்

மாசி ஒன்பது, வெள்ளிக்கிழமை.

சம்பந்தி, மேலே எழுதியது நேற்று. தாளைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு என் கையெழுத்திலேயே சாட்சி உங்களிடம் இருக்கட்டும்.

'என்பதையும்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே தனுஷா போன் செய்தாள். சின்னப்பொண்ணு அக்கா சும்மா இருக்காமல் அவளுக்கே போன் போட்டு, "ஏம்மா, எந்த பஸ்ஸுல வர்ற?" என்று கேட்டிருக்கிறாள். என் மகள் எடுத்ததும் கத்தினாள்.

"அப்பா! இன்னாப்பா இது, என்னிய வூட்ட வுட்டுத் தொரத்திட்டாங்கன்னு ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்களாம்? நான் இங்க மீன் கொழம்பு வச்சிக்கினு இருக்கேன்!"

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. "அப்போ நங்கூரத்தை ஏம்மா திருப்பி அனுப்பினாங்க?" என்றேன். மாமா சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான் அங்கே இருப்பேன் என்றேன்.

"உன் நங்கூரம் பாறையில மாட்டிக்கிச்சிப்பா."

"மாட்டத்தானே செஞ்சேன்?"

"மாட்டணும். அப்புறம் கயலவும் கயலணும். படகு ஒரு இழுப்பு இழுத்தா கொக்கி அப்படியே நிமிந்துக்கினு வெளிய வந்துடணும். கரைக்கு வந்ததும் திரும்ப வளச்சிக்குவாங்க. அதுக்குத்தாம்பா எல்லாரும் சாதா கம்பியில போடறாங்க. மாமா அப்பவே சொன்னாரு இல்ல, மெல்லிசா போதும்னு?"

வளையணுமா! நங்கூரம் வளையணுமா! நான் பட்டறைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வளைந்தால்தான் நல்ல இரும்பு என்று ஒரு வேலை இந்த உலகத்தில் இருக்கும் என்று முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் இது ஒன்றுமே இல்லை. அடுத்து அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது.

"போன வாரம் அவரும் மாமாவும் பாறைத் திட்டுல போட்டுட்டு மீன் புடிச்சிக்கினு இருந்தாங்க. திடீர்னு காத்து ஏறிக்கிச்சி. ஒவ்வொரு அலைக்கும் படகு மூக்கு கீழ இழுத்துக்கினு போவுது. தண்ணி உள்ள வருது. நங்கூரம் வரவே மாட்டேங்குது. சரி, கயித்த அறுத்து வுட்ரலாம்னு இவரு கத்திய எடுத்தா, நீ இரும்பு வடம் போட்டுக் குடுத்துக்கிற. கத்திதாம்பா வளஞ்சிச்சி. வடம் அறுவல."

"அப்புறம்?" என்றேன்.

"ஐஸ் ஒடைக்கிற கோடாலி இருந்திச்சி. வடம் கட்டற மரக்கட்டைய, படகு மூக்குல இருக்குமே, அதையே வெட்டி வுட்டாரு. நங்கூரம், வடம், கட்ட, எல்லாம் கடல்லயே போச்சி. மாமா தண்ணிய எறச்சிக்கினே இருந்தாரு. மூக்கு இல்லாம கரைக்கு வந்தாங்க."

சம்பந்தி, மூன்றாவது நங்கூரம் எங்கே என்று நேற்று உங்களைக் கேட்டேனே, என் நாக்கில் கொள்ளிக்கட்டையை வைக்க. அது எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன். என் பேரையும் என் பெண்டாட்டி பேரையும் தாங்கிக்கொண்டு அடியில் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் நூறு வருஷம் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்களும் அந்தப் படகில் இருந்தீர்கள். கரைக்கு வந்து குப்பத்தில் எல்லாரிடமும் 'கட்டை உளுத்துப்போய்க் கிடந்தது' என்று சொன்னீர்களாம். சம்பந்தி வீட்டு இரும்பை ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது என்று. அன்றைக்கு ராத்திரிதான் நான் உங்களுக்குப் போன் செய்தேன். என்ன விசேஷம் என்று கேட்டேன். 'ஒண்ணும் இல்லீங்க, சாப்ட்டீங்களா' என்று கேட்டீர்கள். அட கடவுளே!

சாக்கு விஷயமும் சொன்னாள். குப்பத்தில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நீங்களே சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, விடிகாலை மூன்று மணிக்கே முதல் பஸ்ஸில் ஏற்றினீர்களாம். நேரில் சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படுமாம். "பட்டறைக்காரரு, பாத்தாலே இன்னா பண்ணணும்னு புரிஞ்சிக்குவாரு" என்றீர்களாம். கள்ளக்குறிச்சியில் பஸ் மாற்றும்போதே அது பாதி கிழிந்திருக்க வேண்டும். "பாத்து நீ இன்னாப்பா புரிஞ்சிக்கின?" என்று கேட்டாள் மகள். நான் மூன்று பக்கம் எழுதி வைத்திருப்பதை அவளிடம் சொல்லவில்லை.

போனை வைத்தேன். நான் பயந்துவிட்டேன் சம்பந்தி. மலைமேல் ஜீப் பம்பர் கழன்றபோது கை தட்டினவன் நான். அந்தக் கையாலேயே என் மகள் தாலியை அறுத்திருப்பேன். உங்கள் வீட்டம்மாவின் தாலியையும் சேர்த்து. பொன்னுரங்கம் ஒரு ஜீப் டிரைவர், அவனுக்குத் தோன்றிய கேள்வி, எப்படிக் கழட்டுவது என்ற கேள்வி, எனக்குத் தோன்றவில்லையே! தங்கமணியிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "நீயும் அவரும் மாத்தி மாத்தி மரியாத குடுத்துக்கினே புள்ளைய கடல்ல வுட்டுருப்பீங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உடனே பட்டறையில் வேலைக்கு இறங்கினேன். நீங்கள் சொன்னது சொன்னபடி செய்தேன். கட்டடக் கம்பி, மெல்லிசு. கொக்கி நாலு. நாலேதான். ஒரு துண்டு பைப். பேர் எழுதவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை. எண்ணெயில் தோய்க்கவும் இல்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அரை நாளில் ரெண்டும் முடிந்துவிட்டது. பார்த்தால் குப்பையில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. முனியன் கொல்லைக் கிணற்றில் பாறை உண்டு. அதில் போட்டு மாட்டி, நானும் முனியனும் நைலான் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தோம். முதல் இழுப்பில் பிடித்தது. ரெண்டாவது இழுப்புக்கும் அசையவில்லை. நான் ஐயோ என்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மூன்றாவது இழுப்பு இழுத்தேன். கொக்கி ஒவ்வொன்றாக நிமிர்ந்து, சர்ரென்று வெளியே வந்துவிட்டது. நானும் முனியனும் பின்னால் போய் வரப்பில் விழுந்தோம். முனியன் எழுந்து அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, உன் வேலை இப்பிடி வளஞ்சிக் கெடக்குது, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டான். நான் அந்த வளைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கொக்கிகளைத் திரும்ப வளைத்து, ரெண்டையும் இந்தக் கடிதத்தோடு சாக்கில் கட்டி நாளைக் காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். இந்தத் தடவை ரெட்டைச் சாக்கு. பழைய இரண்டும் இங்கேயே கிடக்கட்டும். கண்ணாயிரம் கேட்டால் என் தப்பு என்று நானே சொல்லிவிடப் போகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி நமக்குள் இந்த மரியாதை வேண்டாம். போதும் என்றால் போதும் என்றே எடுத்துக்கொள்கிறேன், தலைகீழாக எடுக்க மாட்டேன். நான் செய்தது தப்பு என்றால், 'யோவ் ராஜாங்கம், இது உதவாதுய்யா, எடுத்துக்கினு போ' என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி. உங்கள் மூச்சும் மாப்பிள்ளை மூச்சும் இருந்தால் போதும், என் மனசு கஷ்டப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் என்னைத் திட்டும் நாளில்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

வீட்டம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆயிரம் ஆயுசு, அதற்குமேல் என் ஆயுசிலும் பாதி. தனுஷாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். மீன் குழம்பு நன்றாக இருக்கட்டும். கடலம்மா உங்கள் எல்லாரையும் சாயங்காலம் சாயங்காலம் கரையில் கொண்டுவந்து விடட்டும்.

இப்படிக்கு,
திட்டுக்குக் காத்திருக்கும்,
ராஜாங்கம்.

பி.கு.: எழுத மறந்துவிட்டேன். படகு மூக்கில் வடம் கட்டுகிற மரக்கட்டை போய்விட்டது என்று தனுஷா சொன்னாள் அல்லவா? நங்கூரம் செய்து முடித்துக் கை சும்மா இருந்தது. பட்டறையில் பழைய ரோடு ரோலர் அச்சு ஒரு துண்டு கிடந்தது. அதில் உங்கள் படகுக்குப் புதுக் கட்டை ஒன்று அடித்து, வெள்ளி பெயிண்ட் கொடுத்து, ஐந்து போல்ட் வைத்து இதே சாக்கில் போட்டிருக்கிறேன். இனி எந்தக் கோடாலியாலும் அதை வெட்ட முடியாது, அதற்கு நான் உத்தரவாதம். மாப்பிள்ளையை உடனே மாட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், ரொம்ப ஆசையாகச் செய்தேன், மனசு கஷ்டப்படும்.

அண்ணா, நான் தங்கமணி. அவரு பஸ் ஸ்டாண்டுல எடம் சொல்லி வைக்கப் போயிருக்காரு, சாக்கு வாயத் தைக்கறதுக்கு முந்தி எழுதறேன். அந்த இரும்புக் கட்டைய படகுல வச்சிடாதீங்க. வூட்டுக்குப் பின்னாடி எங்கனா போட்டுடுங்க. மரக்கட்டையே மாட்டுங்க. அவர்கிட்ட ரொம்ப நல்லா கீதுன்னு ஒரு வார்த்த போன்ல சொல்லிடுங்க, மூணு நாளா அவரு சரியா சாப்பிடல. சாக்கு அடியில துணி சுத்தி ஒரு புதுக் கோடாலி வச்சிருக்கேன், அவருக்குத் தெரியாது, கரியாலூர் மலை ஆளு ஒருத்தரு கிட்ட வாங்கனது, நல்ல கூரு. மாப்பிள்ளைய எப்பவும் அத்த எடுத்துக்கினுதான் கடலுக்குப் போவச் சொல்லுங்க.